‘விமானியின் தவறு’ எனும் திரை

2023 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் பயிற்சி விமானம் ஒன்று கோயில் சிகரத்தில் மோதி நொறுங்கியது, பயிற்றுநர் மாண்டார். இரு மாதங்களில் பாலாகாட் வனப்பகுதியில் விழுந்த விமானத்தில் பயிற்றுநரும் பயிற்சி பெற்ற இளம்பெண்ணும் மடிந்தனர். 2024 ஆகஸ்டில் ஜாம்ஷெட்பூரிலிருந்து எழுந்த விமானம் சாண்டில் அணையில் மூழ்கி இருவரைப் பலிகொண்டது. 2025 ஏப்ரலில் குஜராத்தின் அம்ரேலியில் குடியிருப்புப் பகுதியில் விமானம் விழுந்து பயிற்சி விமானி உயிரிழந்தார்.

ஒவ்வொரு முறையும் விசாரணைக்கு ஆணையிட்டதோடு ஒன்றிய அரசின் கடமை முடிந்துவிடுகிறது. ‘விமானியின் தவறா?’ என்று கேட்டுவிட்டு முதலாளித்துவ ஊடகங்களும் நகர்ந்துவிடுகின்றன. கற்பவர் தவறு செய்வார் என்பது யாவரும் அறிந்ததே. அத்தவறு உயிரைப் பறிக்காமல் காப்பதற்காகவே தேர்ந்த பயிற்றுநர், முறையான பராமரிப்பு, இடையறாத கண்காணிப்பு எனும் மூன்று அரண்கள் உள்ளன. அவற்றின் இன்றைய நிலை என்ன?

பயிற்சிப் பள்ளிகள் விமான நிலைய ஆணையத்துக்குச் செலுத்திவந்த வருவாய்ப் பங்கை அரசு ரத்து செய்தது. நில வாடகையைக் குறைத்தது. பெலகாவி முதல் லீலாபாரி வரை, பின்னர் சேலத்திலும், தனியாருக்கு இடங்கள் ஒதுக்கப்பட்டன. சலுகை பெருகிய அளவுக்குக் கண்காணிப்பு பெருகவில்லை. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் ஏறத்தாழப் பாதிப் பணியிடங்கள் காலியாக உள்ளதை 2025இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே சுட்டிக்காட்டியது. 2023 அக்டோபரில் பாராமதியில் ஒரே பள்ளியின் இரு விமானங்கள் ஒரு வாரத்துக்குள் விழுந்த பின்னரே அதன் பயிற்சி நிறுத்திவைக்கப்பட்டது. 2025இல் அதே இயக்குநரகம் வெளியிட்ட தரவரிசையில் ஒரு பள்ளிகூட முதல் இரு தரங்களைப் பெறவில்லை. 22 பள்ளிகள் கடைசித் தரத்தில் இருந்தன.

வணிக விமானி உரிமத்துக்கு 200 மணிநேரம் பறந்தாக வேண்டும். அதற்காகப் பல இலட்சம் ரூபாய் கடன்பட்ட மாணவருக்கு ஒவ்வொரு நாள் தாமதமும் வட்டிச்சுமை. பள்ளி முதலாளிக்கோ தரையில் நிற்கும் விமானம் நட்டம். இவ்விரு நெருக்கடிகளுக்கும் நடுவே பாதுகாப்பைக் காக்க வேண்டிய அரசு ஒதுங்கி நிற்கிறது.

பாலாகாட்டில் விழுந்தது அரசு அகாடமியின் விமானம்தானே என்று தனியார்மய ஆதரவாளர்கள் கேட்கக்கூடும். பொதுத்துறை என்ற பெயர்ப்பலகை மட்டும் உயிரைக் காக்காது என்பது உண்மை. ஆனால் தன் நேரடிப் பொறுப்பிலுள்ள அகாடமியிலேயே உயிர்களைக் காக்கத் தவறிய அரசு, தனியார் பள்ளிகளைச் சரிவரக் கண்காணிக்கும் என்று எப்படி நம்புவது?

கொள்கை வகுப்பது, உரிமம் வழங்குவது, விபத்தை விசாரிப்பது ஆகிய மூன்றும் ஒரே அமைச்சகத்தின் கீழ் உள்ளன. குற்றம் சாட்டப்பட வேண்டியவரே நீதிபதியாக அமரும் இந்த ஏற்பாடு ஒழிய வேண்டும். விபத்து விசாரணை அமைப்பை நாடாளுமன்றத்துக்குப் பதில்சொல்லும் சுதந்திர அமைப்பாக மாற்ற வேண்டும். காலிப் பணியிடங்களை உடனே நிரப்ப வேண்டும். கடைசித் தரப் பள்ளிகள் குறைகளைக் களையும்வரை புதிய மாணவர் சேர்க்கையைத் தடுக்க வேண்டும். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் கடனின்றிப் பயிலும் வகையில் பொதுத்துறைப் பயிற்சியை விரிவாக்க வேண்டும்.

இறந்தவர் மீது பழிபோடுவது எளிது. அவர் மறுத்துப் பேச முடியாது. அவர்களுக்காக நாம் பேசுவோம்.