பணம் கொடுத்த பின்னும் பட்டா இல்லை

கணினி விளையாட்டு என்றதும் நமது மேடைகளில் இரண்டு செய்திகளே பேசப்படுகின்றன. ஒன்று, பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியும் அது குடித்த உயிர்களும். மற்றொன்று, பிள்ளைகள் திரைக்குள் தொலைந்துபோகிறார்கள் என்ற பெற்றோரின் கவலை. முதலாவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் நீண்ட போராட்டம் நடந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பண விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. இரண்டாவது கவலையும் நியாயமானதே. ஆனால் இவ்விரண்டிலும் சேராத ஒரு கூட்டம் உண்டு. தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகிய கடைவீதிகளில் பிராசசரை ஒரு கடையிலும், மதர்போர்டை அடுத்த கடையிலும், ரேமை மூன்றாவது கடையிலும் விலை விசாரித்து வாங்கி, வீட்டில் தம் கையாலேயே கணினியை அசெம்பிள் செய்துகொள்ளும் வன்பொருள் ஆர்வலர்கள்தாம் அவர்கள்.

நானும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே. மொழிபெயர்ப்புப் பணிக்கான கணினியை இருபது ஆண்டுகளாக நானே அசெம்பிள் செய்து, நானே பழுது பார்த்து வருகிறேன். வேலை ஓய்ந்த இரவுகளில் அதிலேயே விளையாடவும் செய்கிறேன்.

இந்த ஆர்வலர்கள் அண்மைக் காலமாகக் கடுங்கோபத்தில் இருக்கிறார்கள். அதனை வசதி படைத்தோரின் பொழுதுபோக்குப் புலம்பல் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. அவர்கள் எழுப்புவது உடைமை பற்றிய கேள்வி. முழு விலை கொடுத்து வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம்? தன் கணினியின் ஒவ்வொரு திருகையும் அறிந்தவன் என்பதால், அது தன்னுடையதல்ல என்று ஆக்கப்படுவதை முதலில் கண்டுகொண்டவனும் அவனே.

வாங்கியது விளையாட்டா, அனுமதியா?

பிரான்சைச் சேர்ந்த யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. நிறுவனத்தின் சர்வரோடு எந்நேரமும் இணைப்பில் இருந்தால் மட்டுமே அது இயங்கும். எவர் துணையுமின்றித் தனியாக ஆடும் பகுதிக்கும் இதுவே விதி. 2024 மார்ச் 31 அன்று நிறுவனம் சர்வரை மூடியது. கடையில் வட்டு வாங்கியவரிடம் வட்டு இருந்தது, விளையாட்டு இல்லை. அதற்கடுத்த வாரங்களில், வாங்கியோரின் கணக்குகளிலிருந்து விளையாட்டுக்கான உரிமமும் நீக்கப்பட்டது.

இது விளையாட்டோடு நிற்பதன்று. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நூல்களின் சில பதிப்புகளை, அவற்றை விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லை என்று கூறி, வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தபடியே அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டது. பின்னர் மன்னிப்பும் கேட்கப்பட்டது. ஆனால் ஒரு புத்தகக் கடைக்காரர், தவறாக விற்ற நூலைத் திரும்பப் பெற நள்ளிரவில் நம் வீட்டு அலமாரியைத் திறக்க முடியாது. மின்னூல் விற்பவரால் முடியும் என்பது அன்று உலகுக்குத் தெரிந்தது.

2024 செப்டம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. தரப்படுவது வெறும் உரிமமே என்பதைத் தெளிவாக அறிவிக்காமல், டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். ஒரு வினைச்சொல்லின் பொருளைக் காக்கச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது என்பது மொழிபெயர்ப்பாளனாகிய என் கவனத்தை ஈர்த்தது. நம் மொழியில் நிலத்தோடு மனிதனுக்குள்ள உறவைக் குறிக்கக் கிரயம், ஒற்றி, குத்தகை, வாரம் என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் யாருக்கு எவ்வளவு உரிமை என்ற கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்காக விவசாயிகள் இரத்தம் சிந்திய வரலாறும் உண்டு. கிரயம் என்று சொல்லி முழு விலையையும் பெற்றுக்கொண்டு, குத்தகைதாரனைப் போல ஒருவனை வெளியேற்றினால் ஊரில் அதற்கு மோசடி என்று பெயர். டிஜிட்டல் சந்தையில் அதற்குப் பயனர் ஒப்பந்தம் என்று பெயர்.

தேய்மானத்தின் மூன்றாவது வகை

எந்திரத்தின் தேய்மானத்தை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் இருவகையாகப் பிரித்துக் காட்டினார். பயன்படுத்துவதாலும், பயன்படுத்தாமல் துருப்பிடிக்க விடுவதாலும் நேர்வது பௌதிகத் தேய்மானம். அதே எந்திரம் மலிவாக உற்பத்தி செய்யப்படும்போதோ, அதனினும் சிறந்த எந்திரம் சந்தைக்கு வரும்போதோ பழைய எந்திரம் தன் மதிப்பை இழப்பது தார்மிகத் தேய்மானம். வன்பொருள் ஆர்வலர் இவ்விரண்டையும் நன்கு அறிந்தவர். காற்றாடியில் தூசி அடைவது முதல் வகை. சென்ற ஆண்டின் கிராபிக்ஸ் அட்டை இவ்வாண்டில் மலிந்துபோவது இரண்டாவது வகை. இரண்டிலும் அவருக்குப் புகாரில்லை. அவருடைய புகார் மூன்றாவது வகையைப் பற்றியது. கருவி தேயவுமில்லை, வேலைக்குப் போதாமல் போகவுமில்லை. ஆயினும் விற்றவரின் அறிவிப்பால் அது செத்துப்போகிறது.

இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு விண்டோஸ் 10. 2015 ஜூலையில் வெளிவந்த இந்த இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய பிராசசரையும் கேட்கிறது. ஏறத்தாழ 2018-க்கு முந்தைய கணினிகள் பெரும்பாலும் தகுதியிழந்தன. இதனால் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கானலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே மதிப்பிட்டது. அக்கணினிகள் பழுதானவை அல்ல. நிபந்தனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ நிறுவும் வழிகளை ஆர்வலர்கள் கண்டறிந்தனர்; தகுதியற்றவை என அறிவிக்கப்பட்ட பல கணினிகளில் அது ஓடவும் செய்கிறது.

பாதுகாப்புக்காகவே இந்நிபந்தனை என்கிறது நிறுவனம். அச்சில்லால் பாதுகாப்பு கூடுகிறது என்பது உண்மையே. ஆனால் பாதுகாப்பே நோக்கமென்றால், பழைய கணினிகளுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்துவானேன்? மேலும் ஓராண்டுக்கு அத்திருத்தங்கள் வேண்டுமானால் 30 டாலர் செலுத்த வேண்டும். அல்லது தன் கணினியை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பிணைத்துக்கொள்வது போன்ற நிபந்தனைகளை ஏற்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்து நின்ற ஐரோப்பாவில் மட்டும் அந்த ஓராண்டு கட்டணமின்றித் தரப்பட்டது. ஆகவே இது தொழில்நுட்பம் விதித்த எல்லையன்று, பேரம் பேசினால் நகரக்கூடிய எல்லை.

உடைமையின் இடத்தில் வாடகை

உடைமை பறிபோகும் வழி இன்னொன்றும் உண்டு: வாங்கவே முடியாமல் செய்வது. என்விடியா நிறுவனம் விளையாட்டுக்கான கிராபிக்ஸ் அட்டைகளால் வளர்ந்தது. 2020 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அதன் வருவாய் 1,092 கோடி டாலர். அதில் பாதி விளையாட்டுத் துறையிலிருந்து வந்தது. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் வருவாய் 13,050 கோடி டாலர். விளையாட்டுத் துறையின் தொகை இரு மடங்கானபோதிலும் அதன் பங்கு 9 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களே இன்று அதன் முதன்மை வாடிக்கையாளர்கள். 2017-இல் உயர்நிலை விளையாட்டு அட்டையை 699 டாலருக்கு அறிவித்த அதே நிறுவனம், 2025-இல் 1,999 டாலருக்கு அறிவித்தது.

நினைவகச் சில்லுகளிலும் இதே கதை. உலகச் சந்தையின் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களின் கையில் இருக்கிறது. தரவு மையங்களுக்கான கிராக்கியைக் காரணம் காட்டி, ‘குரூஷியல்’ என்ற பெயரில் சாதாரண நுகர்வோருக்கு விற்றுவந்த வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. குஜராத்தின் சானந்தில் 275 கோடி டாலர் மதிப்பில் ஆலை அமைக்க, செலவில் 50 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 20 விழுக்காட்டை மாநில அரசும் ஊக்கத்தொகையாகத் தர ஒப்புக்கொண்டது இதே மைக்ரானுக்குத்தான். செலவில் பத்தில் ஏழு பங்கு மக்கள் பணம். ஆனால் அந்த மக்கள் கடையில் ரேம் வாங்கும் இடத்தில் நிறுவனம் நிற்க விரும்பவில்லை.

கருவியை வாங்க முடியாதவருக்கு அதே நிறுவனங்கள் வேறொன்றை நீட்டுகின்றன: மாதச் சந்தா. சக்திவாய்ந்த கணினி நிறுவனத்தின் தரவு மையத்தில் இருக்கும். நம் வீட்டில் வெறும் திரை இருந்தால் போதும். வாடகை உயராது என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை. 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுச் சந்தாவின் உயர்நிலைத் திட்டத்துக்கான கட்டணத்தை அமெரிக்காவில் மாதம் 20 டாலரிலிருந்து 30 டாலராக ஒரே நாளில் உயர்த்தியது. உற்பத்தியைப் பெருக்காமல், தடுப்பு வேலி போட்டு வாயிலில் வசூலிக்கும் வருமானத்துக்கு அரசியல் பொருளாதாரத்தில் வாரம் என்று பெயர். வேலி நிலத்திலிருந்து மென்பொருளுக்கு மாறியிருக்கிறது.

இது நம் பிரச்சினையா?

இரண்டு லட்சம் ரூபாய் அட்டையை வாங்க முடியாதவனுக்காகத் தொழிலாளர் கட்சி ஏன் கவலைப்பட வேண்டும் என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த அட்டையை வாங்குபவன் மூன்றாண்டுகளில் விற்கும் பழைய அட்டையைத்தான் கல்லூரி மாணவன் வாங்குகிறான். பெருநிறுவனங்கள் கழித்துவிடும் கணினிகளில்தான் சிற்றூர்களின் டிடிபி மையங்களும், ஜெராக்ஸ் கடைகளும், தொழிற்சங்க அலுவலகங்களும் இயங்குகின்றன. பழைய கருவியின் ஆயுளே ஏழையின் தொழில்நுட்ப உரிமை. அந்த ஆயுளை மென்பொருள் பூட்டால் குறைத்தால், அடி முதலில் விழுவது பணக்காரன் மீதன்று.

கருவியை நம்பி வாழும் தொழிலாளியும் உண்டு. சந்துக் கடைகளில் மதர்போர்டுக்கு ஈயம் பற்றவைக்கும் பழுது பார்ப்பவர், உதிரிபாகமும் மின்சுற்று வரைபடமும் கிடைக்காமல் தொழிலை இழக்கிறார். குப்பையாகும் கணினி எங்கே போகிறது? தில்லியின் சீலம்பூரில் குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர்கள் வெறுங்கையால் அவற்றைப் பிரிக்கிறார்கள். செம்புக்காகக் கம்பியை எரித்து, அந்தப் புகையையே சுவாசிக்கிறார்கள். ஒரு நிறுவனம் தேதி குறித்து அறிவிக்கும் ‘ஆதரவு முடிவு’ அவர்களுடைய நுரையீரலில் வந்து முடிகிறது.

சர்வரை என்றென்றும் நடத்த முடியுமா என்று நிறுவனங்கள் கேட்கின்றன. அப்படி எவரும் கோரவில்லை. கடையை மூடும்போது, வாங்கியவர் தாமாகவே இயக்கிக்கொள்ளும் வகையில் விளையாட்டை விட்டுச் செல் என்பதுதான் கோரிக்கை. ‘தி க்ரூ’ மூடப்பட்டபின் ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய இயக்கத்தின் சார்பில் ஐரோப்பிய ஒன்றியத்தில் அளிக்கப்பட்ட இம்மனுவுக்கு, 2025 ஜூலை முடிவதற்குள் தேவைப்பட்ட 10 லட்சத்தையும் தாண்டிக் கையொப்பங்கள் சேர்ந்தன. கட்சியோ சங்கமோ இல்லாத இளைஞர்கள் சேர்த்தவை அவை.

செய்யக்கூடியவை

வெற்றிகள் கிடைக்காமலில்லை. கருவியைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்ற மதிப்பெண்ணைச் சில மின்னணுப் பொருள்களுக்கு வாங்குவோர் காணும்படி காட்ட வேண்டும் என்று பிரான்ஸ் 2021 முதல் கட்டாயமாக்கியது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே மாற்றக்கூடியதாக அமைக்க வேண்டும் என்ற ஐரோப்பிய விதி 2027 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வருகிறது. இந்தியாவில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. தகவல் தரும் இணையவாயிலையும் திறந்தது. உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லாதவரை அது அறிவிப்புப் பலகையே. மாற்று வழி சாத்தியம் என்பதற்குக் கேரளத்தின் அரசுப் பள்ளிகள் சாட்சி. அங்கே பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே கணினிக் கல்வி நடந்து வருகிறது. எந்த நிறுவனமும் தேதி குறித்து அந்த வகுப்பறையை மூட முடியாது.

நாம் முன்வைக்க வேண்டியவை தெளிவானவை. உதிரிபாகங்களும் பழுதுநீக்கக் கையேடுகளும் எல்லாக் கடைக்காரருக்கும் கிடைக்கச் சட்டம் வேண்டும். இயங்கும் கருவிக்கான பாதுகாப்புத் திருத்தம், விற்பனை நின்ற பிறகும் குறிப்பிட்ட ஆண்டுகள் கட்டணமின்றித் தரப்பட வேண்டும். நிறுவனம் கைவிட்டால் பூட்டைத் திறந்துவிட்டே போக வேண்டும். உரிமத்தை விற்பனை என்று சொல்லி விற்பது தண்டனைக்குரியதாக வேண்டும். அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற வேண்டும். பொதுப்பணம் பெறும் சில்லு ஆலை, உள்நாட்டு நுகர்வோருக்கும் விற்றாக வேண்டும்.

இக்கோரிக்கைகளால் மட்டும் ஏகபோகம் வீழ்ந்துவிடாது. நுகர்வோனின் உரிமை உற்பத்தியாளனின் விடுதலைக்கு ஈடாகாது. ஆனால் தனிச்சொத்துதான் நாகரிகத்தின் அடித்தளம் என்று நமக்கு உபதேசித்த முதலாளித்துவம், சாதாரண மனிதனின் மேசைமேல் இருக்கும் சிறு உடைமையையும் விட்டுவைக்கவில்லை என்பதை ஒரு தலைமுறை தன் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டிருக்கிறது. அவர்களோடு பேசுவதற்கு நேரு பிளேஸும் ரிச்சி தெருவும் தொலைவில் இல்லை. தோழர்கள் அங்கே பேச்சைத் தொடங்கலாம். என்ன பேசுவது என்பதை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள்.