ஒன்பது கார்டும் பக்கத்தில் நிற்பவரும்



சென்ற இதழ் வெளியான வாரத்தில் ஓர் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. கணவரோடும் எட்டாம் வகுப்பு படிக்கும் மகனோடும் சனிக்கிழமை இரவுகளில் க்ளூம்ஹேவன் விளையாடுகிறாராம். அப்பா ப்ரூட், அம்மா ஸ்பெல்வீவர், பையன் ஸ்கவுண்ட்ரல். “பெரிய எண் போட்ட கார்டாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறான். ஆனாலும் கடைசி அறைக்குப் போவதற்குள் எங்கள் மூவரில் அவன்தான் முதலில் களைத்து விழுகிறான். விழுந்தபின் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. எந்த ஒன்பது கார்டை எடுக்கச் சொல்லட்டும்?”

நாலு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. இதே கேள்வியோடு நானும் பல மாதம் இருந்திருக்கிறேன். அதனால் இந்தப் பக்கம் முழுவதையும் அந்தப் பையனுக்கே கொடுத்துவிடுகிறேன்.

இந்த விளையாட்டைத் தொடாதவர்களுக்காகக் கொஞ்சம். ஐசக் சில்ட்ரெஸ் வடிவமைத்த க்ளூம்ஹேவன் 2017-இல் வெளியானது. நான்கு பேர் வரை விளையாடலாம், எல்லோரும் ஒரே கட்சி. எதிரிகளை யாரும் நடத்துவதில்லை, அவற்றின் கார்டுகளே நடத்தும். தொடக்கத்தில் கிடைக்கும் ஆறு பாத்திரங்களில் ஸ்கவுண்ட்ரல் ஒருத்தி. இருளில் பதுங்கி வந்து குத்துகிறவள். முதல் நிலையில் அவளுக்கு உயிர்ப்புள்ளி 8, கையில் 9 கார்டு. ப்ரூட்டுக்கு இரண்டுமே 10.

ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கார்டைப் போட வேண்டும். ஒன்றின் மேல் பாதியையும் மற்றதன் கீழ் பாதியையும் பயன்படுத்த வேண்டும். மேல் பாதி பெரும்பாலும் அடி, கீழ் பாதி பெரும்பாலும் நடை. கார்டு தீரும்போது ஓய்வெடுத்தால் போட்டவை கைக்குத் திரும்பும், ஆனால் அதில் ஒன்று அந்த ஆட்டத்துக்கு இல்லாமலே போய்விடும். ஒன்பதோடு தொடங்கி இப்படி ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போனால் மொத்தம் 20 சுற்று செயல்படலாம், அதற்குமேல் களைத்து விழ வேண்டியதுதான். வீட்டில் பென்சிலும் தாளும் வைத்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

பையனின் முதல் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பெரிய எண் கொண்ட கார்டுகளில் பல, போட்டவுடன் இழக்க வேண்டியவை. ஓய்வெடுத்தாலும் திரும்பாது. அப்படி ஒன்றை முதல் சுற்றிலேயே போட்டால் 20 என்பது 16 ஆகிவிடும். ஒரே ஓர் அடிக்கு நான்கு சுற்று விலை! அதே கார்டை ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், கையில் மூன்று நான்கு கார்டு மிஞ்சியிருக்கும்போது போட்டால் விலை மிகக் குறைவு. ஆகவே அவற்றை எடுக்காதே என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு எடுத்துக்கொள், கடைசி அறைக்கு வைத்துக்கொள். பெரிய அடி விழும்போது கையிலிருந்து ஒரு கார்டை இழந்து அந்த அடியையே தடுத்துவிடலாம் என்றும் விதி இருக்கிறது. எட்டு உயிர்ப்புள்ளிக்காரிக்கு அது அடிக்கடி தேவைப்படும். கார்டுதான் அவளுக்கு உயிர்.

இனி தேர்வுக்கு வருகிறேன். முதல் நிலைக் கார்டு ஒன்பது, அவற்றோடு எக்ஸ் என்று குறியிட்ட மூன்று. பன்னிரண்டில் மூன்றை வெளியே வைக்க வேண்டும். எந்த மூன்று? நான் வெகுநாள் ஸ்கவுண்ட்ரல் கார்டுகளை மட்டும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு யோசித்தேன். தவறு அங்கேதான். அவளுடைய நல்ல கார்டுகள் எல்லாம் அடுத்தவரைப் பார்த்துப் பேசுகின்றன. சில கார்டுகள் எதிரியின் பக்கத்தில் நம் தோழர் ஒருவர் நின்றால் வலுக்கும். வேறு சில, எதிரி தன் கூட்டத்தைப் பிரிந்து தனியாக நின்றால் வலுக்கும். அச்சடித்த எண் ஒன்று, விழும் அடி வேறொன்று. ஆடு புலி ஆட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பின்னால் இன்னோர் ஆடு நிற்கிற ஆட்டைப் புலியால் தாண்ட முடியாதே.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, உன்னோடு யார் வருகிறார்கள் என்பது. ப்ரூட் வருகிறார் என்றால் அவர் எதிரிமேல் முட்டிக்கொண்டுதான் நிற்பார். தோழர் பக்கத்தில் நின்றால் வலுக்கும் கார்டுகள் அத்தனையையும் எடு. ஸ்பெல்வீவரோடு மட்டும் போகிறாய் என்றால் கதை வேறு. அவர் தூரத்தில் நின்று எறிகிறவர். அப்போது தனித்து நிற்கும் எதிரியைக் குத்தும் கார்டுகள்தான் சோறு போடும். (அவர் வரவழைக்கும் உருவமும் தோழர்க் கணக்கில் சேரும். அதை மறந்துவிடாதே.)

இதில் நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஒவ்வொரு கார்டிலும் இனிஷியேட்டிவ் எண் இருக்கிறது, சிறிய எண் முதலில் நகரும். ஸ்கவுண்ட்ரலுக்கு வேகமான கார்டுகள் ஏராளம், புதியவர்கள் அவற்றையே அள்ளுகிறார்கள். ஆனால் ப்ரூட் போய்ச் சேர்வதற்கு முன் நீ போய் நின்றால் பக்கத்தில் யார் இருப்பார்? எனவே மெதுவான கார்டு குறைந்தது இரண்டு கையில் இருக்க வேண்டும். அதிலும் ஓர் அழகு உண்டு: இந்தச் சுற்றில் எல்லோருக்கும் பிறகு போய்க் குத்து, அடுத்த சுற்றில் எல்லோருக்கும் முன் குத்திவிட்டு விலகு. சரியாக அமைந்தால் எதிரிக்கு நடுவில் கைநீட்ட நேரமே கிடைக்காது. இந்த விளையாட்டில் எனக்கு மிகப் பிடித்த கணம் அதுதான். எங்கள் மேசையில் அது அமையும் இரவுகளில் தேநீர் ஆறிப்போவதைக்கூட யாரும் கவனிப்பதில்லை.

கால்களையும் எண்ணிக்கொள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கார்டு கீழ் பாதிக்குப் போகிறது. ஒன்பதும் மேல் பாதிக்காகவே எடுத்தவை என்றால், எதிரியின் முதுகுப்பக்கம் உன்னைக் கொண்டுபோக எதுவும் இருக்காது. எந்தக் கீழ் பாதியையும் இரண்டு கட்ட நடையாக மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், இரண்டு கட்டம் இவளுக்குப் போதவே போதாது.

மறைந்துகொள்ளும் கார்டை வெளியே வைத்துவிடாதே. மறைந்தவளை எதிரி குறிவைக்க முடியாது, தடையாகக் கருதிச் சுற்றித்தான் போக வேண்டும். அதனால் வாசற்படியில் மறைந்து நின்றால் அந்த வழியே அடைபடும். பின்னால் அடிபட்டுக் கிடக்கும் அப்பாவுக்கு ஒரு மூச்சு விட நேரம் கிடைக்கும். காசு அள்ளும் கார்டு ஒன்று போதும் என்பது என் எண்ணம். பொறுக்கிய காசு பொறுக்கியவருக்கே, பங்கு கிடையாது என்பது விதி. ஸ்கவுண்ட்ரல் பணக்காரியாகிப் பிறர் பழைய கேடயத்தோடு நின்றால் அடுத்த வாரம் மேசையில் முகங்கள் வாடும்.

அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. சுற்று தொடங்குமுன் கார்டைக் காட்டக்கூடாது, எண்ணைச் சொல்லக்கூடாது என்று விதிப்புத்தகம் சொல்கிறது. “சீக்கிரம் போவேன்”, “கொஞ்சம் தாமதமாகத்தான்” என்கிற அளவுக்குப் பேசலாம். எண்ணைச் சொல்லிவிட்டால் சுலபமாயிற்றே என்று தோன்றும். சொல்லாதீர்கள். அப்பாவின் “கொஞ்சம் தாமதம்” எவ்வளவு தாமதம் என்று பையன் பல வாரம் கூட உட்கார்ந்து தெரிந்துகொள்ளட்டும்.

இந்தச் சனிக்கிழமை அவன் மூன்று கார்டை வெளியே வைப்பதற்கு முன், உங்கள் இருவர் கார்டுகளையும் அவன் முன்னால் பரப்பிக் காட்டுங்கள். ஆட்டம் தொடங்கியபின்தானே அந்தத் தடை. எதை வெளியே வைத்தான், ஏன் வைத்தான் என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். அடுத்த இதழில் அவனுக்கு இடம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்