பயிற்சி முடிந்தது, பாடம் மாறவில்லை

தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிக்கு ஏன் பிரேக் பிடிக்காமல் போகிறது? மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகளிடம் கேட்டேன். உராய்வு விசைக்கான சூத்திரத்தைப் பிசகாமல் சொன்னாள். அதில் வரும் உராய்வுக் கெழு, சூடு ஏறினால் என்ன ஆகும் என்றேன். “அது சிலபஸ்ல இல்ல மாமா” என்றாள். பிறந்ததிலிருந்து இந்தச் சரிவைப் பார்த்து வளர்ந்த பெண்!

40 டன் லாரி 100 மீட்டர் உயரம் கீழே இறங்கினால் கிட்டத்தட்ட 4 கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 30 டிகிரியில் உள்ள 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். கியரில் இறங்கினால் ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் அந்தப் பங்கும் பிரேக் லைனர் மேல்தான். சூட்டில் லைனரின் பிடி தளரும், டிரம் விரிந்து விலகும், மிதித்தாலும் வண்டி நிற்காது. 2024 ஜனவரியில் இதே கணவாயின் இரட்டைப் பாலத்தில் ஒரு லாரி கட்டுப்பாடு இழந்து முன்னால் போன வண்டிகளில் மோதி, நான்கு உயிர்கள் போயின. வெப்பவியலும் உலோகவியலும் சாலைப் பொறியியலும் இங்கே ஒரே சரிவில் கிடக்கின்றன. வகுப்பறைக்குள் மட்டும் அவை நுழைவதில்லை.

காரணம் விரிவுரையாளர்களுக்குப் பயிற்சி இல்லாததுதான் என்று யாரும் சொல்ல முடியாது. தொழில்நுட்ப ஆசிரியர்களுக்கென்றே சென்னை தரமணியில் 1964 முதல் ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. 1986 கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழகங்களில் பயிற்சி மையங்கள் வந்தன. 2023-இல் மாளவியா பெயரில் புதிய திட்டமும் வந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. எட்டுப் பாடத்தொகுதிகள் வைத்திருக்கிறது. புத்தொளிப் பயிற்சி, எஃப்.டி.பி. என்று பெயர்களுக்கும் குறைவில்லை.

ஆனால் போய்வந்த இளம் விரிவுரையாளர்களிடம் கேட்டால் வயிறு எரிகிறது. காலையிலிருந்து மாலைவரை பி.பி.டி. மாணவர்களைப் பேசவிட வேண்டும் என்பதை ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசியே சொல்கிறார். கேட்பவர்களில் ஒருவரைக்கூட எழுந்து ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொல்வதில்லை. கடைசி நாள் சான்றிதழ். அது பதவி உயர்வுக் கோப்புக்குள் போகிறது. திங்கட்கிழமை அதே கரும்பலகை, அதே டூ மார்க், சிக்ஸ்டீன் மார்க். பயிற்சி கொடுத்தவர்கள் அடுத்த பருவத்தில் அந்த வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்தார்களா? நான் கேள்விப்பட்டவரை ஒருவரும் இல்லை.

வேறு வழி உண்டு என்பது எப்போதோ தெரிந்துவிட்டது. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர், கணக்கைச் சரியாகப் போடும் மாணவர்களே அடிப்படைக் கேள்விகளில் தடுமாறுவதைக் கண்டு, 1990களின் தொடக்கத்தில் வகுப்பு நடத்தும் முறையையே மாற்றினார். ஒரு கேள்வி கொடுப்பார். ஒவ்வொருவரும் விடை சொன்ன பின், பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும். அறிவியல், பொறியியல் வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு சொன்னது இது: வெறும் விரிவுரை கேட்டவர்களில் சுமார் 34 சதவீதம் பேர் தோற்றார்கள், தாங்களே ஈடுபட்டுப் படித்த வகுப்புகளில் 22 சதவீதம். அரியர் சுமந்து திரியும் நம் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் என்னவென்று தெரியும்.

விரிவுரையாளரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. கௌரவ விரிவுரையாளர் என்று பெயர் வைத்துக் குறைந்த சம்பளத்தில் நிறுத்தியிருக்கிறோம். தேர்ச்சி விகிதம் குறைந்தால் அவரைத்தான் கூப்பிட்டு நிற்க வைக்கிறார்கள். புதிதாக எதையாவது செய்து பார்க்க அவருக்கு எங்கிருந்து துணிச்சல் வரும்?

தொப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையிலேயே தெற்கே போனால் கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரியும் பெரியார் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. வடக்கே தருமபுரிப் பக்கம் செட்டிக்கரையில் இன்னொரு அரசு பொறியியல் கல்லூரி. நடுவில் தொப்பூர். பயிற்சியில் இரண்டு நாளை இங்கே வையுங்கள். லாரிகள் நிற்கும் இடத்தில் ஓட்டுநர்களோடும், பட்டறையில் தேய்ந்த லைனரைக் கழற்றும் மெக்கானிக்கோடும் விரிவுரையாளர்களைப் பேசவிடுங்கள். வேதியியல்காரர்களுக்கு தருமபுரி மாவட்டத்துத் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடே போதும். ஒவ்வொருவரும் பார்த்ததை வைத்து ஒரு பாடம் தயாரித்து, சக விரிவுரையாளர்கள் முன் நடத்தட்டும், அவர்கள் குறை சொல்லட்டும், திருத்தி மறுபடி நடத்தட்டும். அடுத்த பருவத்தில் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் போய் அந்த விரிவுரையாளரின் வகுப்பைப் பார்க்கட்டும். அதன் பிறகு கொடுங்கள் சான்றிதழை.

பயிற்சிக்குப் போகும் விரிவுரையாளர்களே, நீங்களும் சும்மா உட்கார்ந்துவிட்டு வராதீர்கள். “எங்களை ஒரு பாடம் நடத்தச் சொல்லுங்கள்” என்று முதல் நாளே எழுந்து கேளுங்கள்.