செடிக்கும் உயிர் உண்டு, ஆனால்

‘செடிக்கும் உயிர் உண்டே, அதை மட்டும் கொல்லலாமா?’ என்ற கேள்வியைப் புறந்தள்ளக் கூடாது. தூண்டினால் செடி எதிர்வினை காட்டுவதை ஜகதீஷ் சந்திர போஸ் நூறாண்டுக்கு முன்பே கருவி வைத்து நிறுவினார். ஆனால் எதிர்வினை வேறு, வலி வேறு. இன்றைய அறிவியல் அறிந்தவரை, வலியை உணர நரம்பு மண்டலம் வேண்டும். கோழிக்கு அது இருக்கிறது, கீரைக்கு இல்லை. சரி, கீரைக்கும் வலிக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு இறைச்சிக்கு எதிராகத்தான் நிற்கிறது. உலகில் விளையும் சோயாவில் ஏறத்தாழ முக்கால் பங்கு விலங்குகளுக்குத் தீவனமாகிறது; ஒரு கிலோ பிராய்லர் கறிக்கு அதைவிடக் கூடுதல் எடையில் மக்காச்சோளமும் சோயாவும் செலவாகின்றன. செடிக்காக இரங்குபவரும் குறைக்க வேண்டியது இறைச்சியைத்தான். பயிர் விளையாத கரட்டில் மேயும் ஆட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, உண்மை. ஆனால் அந்த ஆட்டின் வலிக்கு இது பதிலாகாது. பண்ணைக் கோழியை உண்பவர்கள் செடியின் உயிரைச் சாக்காகச் சொல்ல வேண்டாம்.