சோதனைச் சாலைக்கும் ஒரு மேசை வேண்டும்

பௌர்ணமிதோறும் நம் அடி அண்ணாமலை வழியாக ஆயிரமாயிரம் பேர் கிரிவலம் செல்கின்றனர். அவர்களுக்கு ஒளி தரும் சந்திரனை நம் நாட்டின் சந்திரயான்-1 மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை வலம் வந்தது. 2008 அக்டோபர் 22-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட அக்கலம் இரண்டாண்டுகள் உழைக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் 312 நாட்களில், 2009 ஆகஸ்ட் 29-இல், அதனோடு தொடர்பு அறுந்தது.

சந்திரனில் நீரின் சுவட்டைக் காட்டிய கலம் அது. அப்புகழ் என்றும் குன்றாது. எனினும் அது ஏன் பாதியில் ஓய்ந்தது என்று பேச நாம் கூச வேண்டியதில்லை.

விண்மீன்களைப் பார்த்துத் திசையறியும் உணர்கருவிகள் இரண்டு அதில் இருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்று என்பது ஏற்பாடு. 2009 மே மாதத்துக்குள் இரண்டுமே கெட்டன! அதன்பின் கைரோஸ்கோப்புகளின் துணையால் கலத்தை நடத்திய விஞ்ஞானிகளின் சாமர்த்தியம் பெரிதுதான். கதிர்வீச்சே காரணம் என்றனர் சிலர். சந்திரனின் வெப்பம் என்றனர் சிலர். போன கலம் திரும்பி வருவதில்லை. பிரித்துப் பார்க்க வழியில்லை. ஆகவே கேட்க வேண்டியதைத் தரையிலேயே கேட்டுவிட வேண்டும். முற்றத்தில் ஒரு கட்டு விறகுக்கு இரண்டு கட்டாக அடுக்கினாலும், மழை வந்தால் இரண்டும் நனையத்தானே செய்யும்?

எப்படிக் கேட்பது? கோபால்ட்-60 என்னும் பொருள் வீசும் காமாக் கதிரில் மின்னணுச் சில்லுகளை வைக்கின்றனர். விண்வெளியில் பல ஆண்டுகளில் சேரும் கதிர்வீச்சைச் சில நாட்களிலேயே கொடுத்து, இடையிடையே மின்கசிவை அளக்கின்றனர். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சிலவகை டிரான்சிஸ்டர்கள் வேகமாகக் கொடுத்தால் தாங்குகின்றன. அதே அளவை மெதுவாகக் கொடுத்தால் கெட்டுவிடுகின்றன. பரீட்சைக்கு முன்னிரவு மட்டும் கண்விழிக்கும் நம்மில் சிலருக்கு இது நேர்மாறு! மேலும், வேகமாக வரும் ஒரேயொரு கனத்த அயனி நினைவகத்தின் சுழியை ஒன்றாக மாற்றிவிடும். அதனைக் காமாக் கதிர் காட்டாது. துகள் முடுக்கியில் தனியே சோதிக்க வேண்டும். எனவே ஒரு சோதனையில் தேறியதைக் கொண்டு முழு நற்சான்று வழங்குவது அவசரம் என்பதே எங்கள் கருத்து. காலமும் பணமும் இதற்குத் தாராளமாக ஒதுக்கப்பட வேண்டும்.

செங்கோட்டையில் பள்ளிப்படிப்பை முடித்த நிகர் ஷாஜி அவர்கள் திட்ட இயக்குநராக இருந்து அனுப்பிய ஆதித்யா-எல்1, 2023 செப்டம்பர் 2-இல் கிளம்பியது. பூமியின் காந்தக் கவசத்துக்கு வெளியே, 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், சூரியத் துகள்கள் நேரே தாக்கும் இடத்தில், அது ஐந்தாண்டுகள் உழைக்க வேண்டும். அங்கே பழுது பார்க்க ஆள் போக முடியாது. அதன் ஒவ்வொரு சில்லையும் சோதித்தவர் யார் யாரென்று நமக்குத் தெரியாது. மாலை விழுவதெல்லாம் ராக்கெட்டுக்குத்தான்.

நம் பள்ளியின் விஞ்ஞானப் பொருட்காட்சியிலும் அட்டை ராக்கெட்டுகளுக்கே கூட்டம். வரும் ஆண்டு அவற்றின் பக்கத்தில் சோதனைச் சாலைக்கும் ஒரு மேசை ஒதுக்கித் தருமாறு மதிப்பிற்குரிய சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.