அமைச்சர் பட்டியலில் இல்லாதவர்கள்

ஆண்டுதோறும் அக்டோபர் 21 நெருங்கும்போது தமிழில் ஒரே கட்டுரை பல பெயர்களில் வெளியாகிறது. 1943ஆம் ஆண்டு அந்நாளில் சிங்கப்பூரின் கேத்தே திரையரங்கில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். உறுதிமொழியை வாசிக்கையில் குரல் உடைந்து கண்ணீர் சிந்தினார். ஒன்பது நாடுகள் அவ்வரசை அங்கீகரித்தன. படையில் தமிழர்கள் திரளாகச் சேர்ந்தார்கள். கட்டுரை இத்துடன் முடிந்துவிடும். 2018இல் 75ஆம் ஆண்டையொட்டிச் செங்கோட்டையில் பிரதமரே கொடியேற்றிய பிறகு இவ்வகைக் கட்டுரைகள் பெருகியிருக்கின்றனவே தவிர, உள்ளடக்கம் மாறவில்லை.

மீஞ்சூரில் மாதம் ஒருமுறை கூடிப் படிக்கிற எங்கள் சிறு வட்டத்திலும் அப்படியொரு கட்டுரை அண்மையில் வாசிக்கப்பட்டது. எல்லோரும் கைதட்டினோம். பிறகு நண்பர் ஒருவர், "அந்த அமைச்சரவையில் யார் யார் இருந்தார்கள்?" என்று கேட்டார். கேப்டன் லட்சுமியின் பெயரை ஒரே குரலில் சொன்னோம். அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு அரசு அமைந்ததைக் கொண்டாடுகிறோம், அது யாரைக் கொண்டு அமைந்தது என்று அறியமாட்டோம் என்றால், நாம் கொண்டாடுவதுதான் எதை? அந்த வெட்கத்திலிருந்து எழுதப்படுவது இது.

பட்டியல் ஒன்றும் ரகசியமல்ல. அரசின் தலைவர், பிரதமர், போர், வெளியுறவு ஆகிய பொறுப்புகள் அனைத்தும் போஸிடம். நிதி, ஏ.சி.சாட்டர்ஜியிடம். பிரசாரம், ராய்ட்டர் செய்தியாளராக இருந்த எஸ்.ஏ.ஐயரிடம். மகளிர் அமைப்பு, லட்சுமி சுவாமிநாதனிடம். படைத்துறையின் பிரதிநிதிகளாக எட்டுப் பேர்: அஜீஸ் அகமது, பகத், போன்ஸ்லே, குல்சாரா சிங், கியானி, லோகநாதன், எஹ்சான் காதிர், ஷா நவாஸ் கான். அமைச்சர் தகுதியில் செயலாளராக ஏ.எம்.சஹாய். தலைமை ஆலோசகராக முதியவர் ராஷ் பிஹாரி போஸ். அவருக்குக் கீழே ஆலோசகர்கள்: கரீம் கனி, தேவநாத் தாஸ், டி.எம்.கான், எல்லப்பா, ஜான் திவி, இஷார் சிங். சட்ட ஆலோசகர் சர்க்கார்.

இதை இருமுறை படித்துப் பாருங்கள். எட்டு இருக்கைகள் சீருடைக்கு. எஞ்சியவை வழக்கறிஞர்களுக்கும் மருத்துவர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் பொதுவாழ்வில் பெயர் பெற்றவர்களுக்கும். தமிழர்களே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஐயர் தமிழர். மதராஸிலிருந்து போன மருத்துவ அதிகாரி லோகநாதன் தமிழர். லட்சுமி இதே சென்னையில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நம்மவர் கட்டுரைகள் இந்தப் பெயர்களை எண்ணிப் பெருமைப்பட்டு அத்துடன் நின்றுவிடுகின்றன. ஆனால் அன்று மலாயாவில் வாழ்ந்த தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள். பொதுமக்களிடமிருந்து படைக்கு வந்தவர்களில் பெரும்பகுதி அவர்கள். ராணி ஜான்சி படையின் வரிசைகளை நிரப்பியவர்களில் பலர் அவர்கள் வீட்டுப் பெண்கள். தாலியையும் தோட்டையும் கழற்றிக் கொடுத்ததாக நாம் உருகி எழுதுகிறோமே, அவர்களில் பலரும் இவர்கள்தாம். அவர்கள் பெயரால் பேச ஒருவரும் அந்தப் பட்டியலில் இல்லை. தொழிலாளர் என்று ஒரு துறையும் அன்று அறிவிக்கப்படவில்லை.

போர்க்காலத்தில் அவசரமாக அமைகிற எந்த அமைச்சரவையும் இப்படித்தான் இருக்கும் என்று உடனே ஒரு பதில் வரும். பாதி உண்மை. இதே சிங்கப்பூரையும் பினாங்கையும் நிதிக் களமாகக் கொண்டு இன்னொரு தற்காலிக அரசு முன்பே அமைந்திருக்கிறது. சன் யாட் சென் 1910 நவம்பரில் பினாங்கில் கூட்டம் போட்டு எழுச்சிக்குப் பணம் திரட்டினார். அடுத்த ஆண்டு புரட்சி வெடித்தது. 1912 ஜனவரி 1 அன்று நான்ஜிங்கில் தற்காலிக அதிபரானார். ஒன்பது துறைகளுக்கு அமைச்சர்கள் வந்தார்கள். ராணுவம் ஹுவாங் சிங்கிடமும் கல்வி சாய் யுவான்பேயிடமும் போயின, இருவரும் புரட்சிக்காரர்கள். ஆனால் உள்துறை நேற்றுவரை சிங் வம்சத்தின் மாகாண ஆளுநராக இருந்த செங் தெசுவானிடம். நீதித்துறை அதே வம்சத்தின் தூதராக அமெரிக்காவில் இருந்த வூ டிங்ஃபாங்கிடம். தொழில்துறை ஆலை முதலாளி சாங் ஜியானிடம். மதிப்புக்காகப் பெரிய மனிதர்களை முன்னால் நிறுத்தி, துணை அமைச்சர்களாகத் தம் ஆட்களை வைத்துக்கொண்டார்கள். தென்கடல் நாடுகளில் சில்லறைக் கடை வைத்துச் சேர்த்த பணத்தை அனுப்பியவனுக்கு நன்றிக் கடிதம் கிடைத்திருக்கலாம். மூன்றே மாதங்களில், ஏப்ரல் 1 அன்று, சன் யாட் சென் பொறுப்பை ஒப்படைத்துவிட்டார். அதிகாரம் யுவான் ஷிகாயிடம் போய்விட்டது. போஸின் அரசை அங்கீகரித்த ஒன்பதில் ஒன்று அதே நான்ஜிங்கில் ஜப்பானின் தயவில் நடந்த வாங் ஜிங்வெய்யின் அரசு என்பதும், அந்த வாங் ஒரு காலத்தில் சன் யாட் சென்னின் சீடர் என்பதும் வரலாற்றின் கசப்பான நகைச்சுவை.

ஆக, பணம் கொடுத்தவனுக்கு நாற்காலி கிடைக்காதது உலக வழக்கம் என்று விட்டுவிடலாம். எங்கள் வழக்கு அதுவல்ல. தேதிகளைப் பார்க்கச் சொல்கிறோம்.

சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானிய ராணுவம் அமைத்த ரயில் பாதையின் இரு முனைகளும் இணைந்தது 1943 அக்டோபர் 17. தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது அக்டோபர் 21. பாதையின் திறப்புச் சடங்கு அக்டோபர் 25. இடையில், 23ஆம் தேதி நள்ளிரவைத் தாண்டி, புதிய அமைச்சரவை பிரிட்டன்மீதும் அமெரிக்காமீதும் போர் அறிவித்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து மூன்று மாத வேலை, நல்ல கூலி, இலவசச் சாப்பாடு என்று சொல்லியும், பிறகு சொல்லாமலேயே பிடித்தும், 70,000க்கும் மேற்பட்டோர் அந்தக் காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் நிற்கின்றன. தோட்டத்திலிருந்து போனவனுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடையாது. கணக்கெடுத்தவன் இல்லாததால் செத்தவர் தொகையே ஆளுக்கொன்றாகச் சொல்லப்படுகிறது.

கேத்தே அரங்கில் உறுதிமொழி ஒலித்த நேரத்தில், அது யார் பெயரால் எடுக்கப்பட்டதோ அந்த மக்கள் உறுதிமொழிக்குக் கைதட்டிய ஜப்பானிய விருந்தினர்களின் ராணுவத்துக்காக மண் சுமந்து கொண்டிருந்தார்கள். இந்த ஒரு வாக்கியத்தை நம் நினைவுநாள் கட்டுரைகளில் தேடிப் பாருங்கள். அடுத்த ஆண்டு ராணி ஜான்சிப் படைப் பெண்களும் வேறு பிரிவுகளும் பர்மா முனைக்குப் போனது இதே பாதையில்தான். தோட்ட இளைஞர்கள் படைக்கு வந்ததன் காரணங்களில் தேசபக்தியோடு, ரயில் பாதைக்குப் பிடித்துப் போகாமல் தப்புவதும் ஒன்று என்று பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொன்னால் தியாகத்தின் மாற்றுக் குறைந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்குத் தியாகத்தையும் தெரியாது, தோட்டத்தையும் தெரியாது.

போஸ் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் கையில் எவ்வளவு இருந்தது என்பதை அந்தமான் காட்டுகிறது. 1943 டிசம்பர் கடைசியில் அவர் போர்ட் பிளேர் போனார். தீவுகளுக்கு ஷாஹீத், ஸ்வராஜ் என்று பெயர் சூட்டப்பட்டது. 1944 ஜனவரி 30 அன்று, அவர் திரும்பி ஒரு மாதம்கூட முழுமையாக ஆகாத நிலையில், ஹம்ஃப்ரிகஞ்சில் ஒற்றர்கள் என்று குற்றம்சாட்டி 44 இந்தியர்களை ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். பிப்ரவரியில் நிர்வாகத் தலைவராகப் போய் இறங்கிய நம் லோகநாதனுக்கு நடைமுறையில் கிடைத்தது கல்வித் துறை. கொடியும் பெயரும் ஒருவரிடம், காவல் இன்னொருவரிடம். இந்த அளவுக்குக் கட்டப்பட்ட கைகள் என்றால் அந்தக் கட்டையும் சேர்த்து எழுதுவதுதானே வரலாறு? எங்கள் குற்றச்சாட்டு போஸ்மீது என்பதைவிட, அவரைப் பற்றி எழுதுகிற நம்மீது.

அந்த அரசு வெறும் நாடகம் என்று எழுதுகிறவர்களோடும் நாங்கள் உடன்படவில்லை. எல்லோரையும் அனுமதித்தால்தான் வருவேன் என்று சொல்லி, முஸ்லிம் அதிகாரிகளையும் உடன் அழைத்துக்கொண்டு போஸ் செட்டியார் கோயிலுக்குள் நுழைந்த நிகழ்ச்சியை அபித் ஹசன் பதிவு செய்திருக்கிறார். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்றவனின் மகள் துப்பாக்கி பிடித்து நிமிர்ந்து நின்றாள்; போர் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பியவர்கள் பழைய குனிவுக்குத் திரும்பவில்லை. அந்த நிமிர்வு எங்கே போனது என்பதையும் பாருங்கள். ஆலோசகராக இருந்த வழக்கறிஞர் ஜான் திவி 1946இல் மலாயா இந்தியன் காங்கிரசின் முதல் தலைவரானார்; பிறகு இந்திய அரசின் பிரதிநிதியானார். அதே படையில் இருந்த எஸ்.ஏ.கணபதி தொழிற்சங்கத்துக்குப் போனார். அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரானார். ஆயுதம் வைத்திருந்தார் என்ற வழக்கில் 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தஞ்சை மாவட்டத்துக்காரர். அக்டோபர் கட்டுரைகளில் இவர் பெயரை நாங்கள் கண்டதில்லை.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்து நெடுங்காலம் கண்டுகொள்ளப்படாமல் கிடந்தது. இப்போது அதைக் கொண்டாடுகிறோம். மொழியை, பகடியை, மதுரைத் தெருக்களின் நினைவோட்டத்தை. நல்லது. ஆனால் அதே போரின் மறுபக்கத்தை எழுதிய மலேசியத் தமிழர் ஆர்.சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலையோ அ.ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவலையோ படித்தவர்கள் எங்கள் வட்டத்தில் இருவர் மட்டுமே. கலைநயம் போதாது என்று ஒரு வரியில் ஒதுக்கிவிடுகிற விமர்சன மேட்டிமை நமக்குக் கைவந்த கலை. படிக்காமலே ஒதுக்குவது அதைவிட எளிது.

மீஞ்சூரில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஏன் பேச வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வடசென்னைக்காரர்களுக்குக் கடல் தாண்டிய தற்காலிக அரசுகள்மீது எப்போதும் ஒரு மயக்கம். 1914இல் எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டபோது அதில் செண்பகராமன் இருந்தார் என்று ராயபுரத்திலும் எண்ணூரிலும் சத்தியம் செய்வார்கள். அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். மறு ஆண்டு காபூலில் அமைந்த இன்னொரு தற்காலிக அரசில் அவருக்கு வெளியுறவு அமைச்சர் பட்டம் கிடைத்தது என்ற உண்மைச் செய்தியைவிட, இல்லாத கப்பல் பயணமே நமக்கு இனிக்கிறது.

ஆனால் கேட்க வேண்டிய குரல்கள் நம் பக்கத்திலேயே இருந்தன. 1944 ஜனவரியில் தற்காலிக அரசின் தலைமையகம் ரங்கூனுக்குப் போனது. ஏப்ரலில் அங்கே ஆசாத் ஹிந்த் வங்கி திறக்கப்பட்டது. பர்மாத் தமிழர்களின் பணம் அதில் சேர்ந்தது. இருபது ஆண்டுக்குள் நே வின் ஆட்சியில் எல்லாம் பறிபோய், பெட்டி படுக்கையோடு அவர்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். மணலிக்கு அப்பால் சடையங்குப்பத்தில் பர்மா நகர் இருக்கிறது. மழை பெய்தால் வெள்ளத்தில் நிற்கிற ஊர். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் இருக்கிறது. அங்கே அத்தோ சாப்பிட்டுவிட்டு மீஞ்சூர் வண்டி பிடித்த எங்களில் எத்தனை பேர், அதைச் செய்து கொடுத்த முதியவரிடம் ரங்கூனில் அவர் தகப்பனார் எதைக் கொடுத்தார், எதைக் கண்டார் என்று கேட்டோம்? கேட்டிருக்கக்கூடிய தலைமுறை ஏறக்குறைய போய்விட்டது.

வரும் அக்டோபர் கூட்டத்துக்கு வழக்கமான உரை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அமைச்சர் பட்டியல் முழுதாக வாசிக்கப்படும். அடுத்து 'சயாம் மரண ரயில்' நாவலிலிருந்து ஒரு பகுதி. பர்மா நகரிலிருந்து வரச் சம்மதித்திருக்கும் இரண்டு பெரியவர்கள் தங்கள் வீட்டில் கேட்டவற்றைச் சொல்வார்கள். மாலை வண்டியில் வருபவர்களுக்காக அரை மணி நேரம் தாமதித்தே தொடங்குவோம்.