பானட்டைத் திறக்க நமக்கென்ன பயம்?

எங்கள் வீட்டில், பழைய பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. பொங்கலுக்கு, மேலூர் பக்கம் உள்ள என் பிறந்த வீட்டுக்கு போய், நாலு நாள் கழித்து திரும்பும்போது, மீட்டரில், இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி என்னவோ ஓடியது; ஆனால், பெட்ரோலை குடித்தது.

மதுரை வந்ததும், மெக்கானிக்கிடம் காட்டினோம். எட்டிப் பார்த்தவர், 'கம்ப்யூட்டர் போயிடுச்சும்மா... 18,000 ரூபா ஆகும்...' என்றார். 'எந்த இடத்துல என்ன கெட்டுருக்கு?' என்று கேட்டேன். 'அதெல்லாம் உங்களுக்கு புரியாதும்மா' என்று சொல்லிவிட்டார். என்னவரோ, மகளின் பள்ளி கட்டணத்துக்கு வைத்திருந்த சீட்டு பணத்தை எடுக்கலாமா என்று யோசிக்கவே ஆரம்பித்து விட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

நல்லவேளை, ஐ.டி.ஐ.,யில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் என் அண்ணன் மகன் வந்தான். ஸ்டியரிங்குக்கு கீழே, 16 துளை உள்ள சாக்கெட் ஒன்று இருக்கிறது. (இத்தனை வருஷம் அதன் பக்கத்தில் உட்கார்ந்தும், நான் பார்த்ததில்லை!) கார், தன் கோளாறை தானே சொல்லும் இந்த ஏற்பாட்டை, நம் நாட்டில், 2010ல் இருந்து படிப்படியாக கட்டாயமாக்கி இருக்கிறார்களாம். தீப்பெட்டி அளவு கருவியை அதில் செருகியதும், செல்போனில், 'பி 0135' என்று வந்தது.

'அத்தை... ஆக்சிஜன் சென்சாரை சூடாக்குற லைன்ல தான் கோளாறு' என்றான். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயில், ஸ்பார்க் பிளக் போல முறுக்கி இருக்கிறதே, அதுதான் அந்த சென்சார். புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அது சொன்னால் தான், பெட்ரோலை கூட்டுவதா, குறைப்பதா என்று கம்ப்யூட்டருக்கு தெரியுமாம்.

இன்ஜின் நன்றாக ஆறும் வரை காத்திருந்தோம். நான் டார்ச் அடிக்க, அவன் தடவிப் பார்த்தான். ஒயரை எலி கடித்திருந்தது! ஊரில், வைக்கோல் போர் ஓரம் வண்டியை விட்டிருந்தோம். பேட்டரி இணைப்பை கழற்றி, ஒயரை ஒட்டு போட்டு, மேலே உறை மாட்டினான். செலவு, 100 ரூபாய் கூட இல்லை. செல்போனிலேயே அந்த குறியீட்டை அழித்தான். விளக்கு மறுபடி எரியவே இல்லை.

எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுபவர் என்று சொல்ல மாட்டேன். பிரேக், ஏர்பேக் வேலையில் நாமாக கை வைக்கவும் கூடாது. ஆனால், குக்கர் கேஸ்கட்டும், மிக்சி வாஷரும் மாற்றுகிற நமக்கு, எந்த சென்சார் எங்கே இருக்கிறது என்பது மட்டும் புரியாதா என்ன? எங்கள் காருடன் வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். அந்த விளக்கு எரிந்தால், ஒர்க்-ஷாப்புக்கு போ என்பதோடு சரி. கார் கம்பெனிகள், சென்சார்கள் இருக்கும் இடங்களை படம் போட்டு, தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டு கொடுத்தால், குறைந்தா போய் விடுவர்?

இப்போதெல்லாம், என்னவர் பானட்டைத் திறந்தால், 'டார்ச்ச எடுத்துட்டு வா' என்று என்னைத்தான் கூப்பிடுகிறார்.

— இல்லத்தரசி ஒருவர், மதுரை.